கொன்டாக்ட் லென்ஸ் அணிந்து மோட்டார் சைக்கிள் ஓடலாமா?

கொன்டாக்ட் லென்ஸ் இன்று எமது ஊர்களில் புதுமையான பொருளல்ல. மூக்குக் கண்ணாடி அணிய விரும்பாத உயர்தர மாணவர்கள், திருமணத்துக்கென வாங்கிப் பின்னர் அதையே பழக்கமாக்கிக்கொண்ட யுவதிகள், இளம் ஆசிரியர்கள் எனப் பலரும் அணிகின்றனர். இவர்களில் அநேகர் தினமும் மோட்டார் சைக்கிளிலோ ஸ்கூட்டியிலோ பயணிப்பவர்கள். “லென்ஸ் போட்டுக்கொண்டு பைக் ஓடலாமா சேர்? காற்றுக்குப் பறந்து போகாதா?” என்று என்னிடமும் கேட்பதுண்டு. விஞ்ஞான பாடம் கற்பிப்பவன் என்ற வகையிலும், லென்ஸ் அணிந்து கரையோர வீதியால் பாடசாலைக்குப் போய் வருபவன் என்ற வகையிலும் இதற்குச் சற்று விரிவாகப் பதில் சொல்ல விரும்புகிறேன்.

ஓடலாம். ஆனால் ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். லென்ஸ் பார்வையைத் திருத்துமே தவிர, கண்ணைப் பாதுகாக்காது. மூக்குக் கண்ணாடி இவ்விரண்டையும் ஓரளவு செய்தது. அதைக் கழற்றி லென்ஸுக்கு மாறும்போது, அதுவரை காற்றையும் தூசியையும் தடுத்துவந்த ஒரு மறைப்பை இழக்கிறோம். அந்த மறைப்பை வேறு வழியில் ஈடுசெய்யாதபோதுதான் பிரச்சினை தொடங்குகிறது.

விழிவெண்படலம் எனும் கண்ணின் முன்புறப் படையில் இரத்தக் குழாய்கள் இல்லை. அது தனக்குத் தேவையான ஒட்சிசனைப் பெரும்பாலும் வெளிக்காற்றிலிருந்தே, கண்ணீர்ப் படலத்தின் ஊடாகப் பெறுகிறது. மென்மையான லென்ஸும் நீரை உள்ளடக்கிய பொருளே. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் போகும்போது செக்கனுக்கு 14 மீற்றர் வேகத்தில் காற்று முகத்தில் மோதுகிறது. கண்ணீர் விரைவாக ஆவியாகிறது. வழமையாக நிமிடத்துக்கு ஏறத்தாழ 15 தடவை இமைக்கும் நாம், வீதியைக் கூர்ந்து பார்க்கும்போது அதைவிடக் குறைவாகவே இமைக்கிறோம். எனவே லென்ஸ் உலர்ந்து கண்ணை இறுக்கிப் பிடிக்கிறது, பார்வை மங்குகிறது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் கிழக்கில் இது இன்னும் அதிகம்.

லென்ஸ் பறந்து போகுமா என்ற பயம் பெரிதாகத் தேவையில்லை. மென்மையான லென்ஸின் விட்டம் ஏறத்தாழ 14 மில்லிமீற்றர். 12 மில்லிமீற்றர் அளவான விழிவெண்படலத்தை முழுமையாக மூடி ஒட்டியிருப்பதால் அது இலகுவில் கழன்றுவிடாது. கண்ணின் பின்பக்கம் போய்விடும் என்பதும் தவறு. அங்கு போக வழியில்லாதபடி இமையின் உட்சவ்வு மடிந்து மூடியிருக்கிறது. கடினமான சிறிய லென்ஸ்தான் இடம் மாறக்கூடியது. அதன் கீழ் ஒரு மணல் துணிக்கை புகுந்தால் கண்ணைத் திறக்கவே முடியாது. ஒரு செக்கன் கண்ணை மூடினாலும் 14 மீற்றர் தூரம் பார்வையின்றிப் போகிறோம் என்பதை நினைவிற்கொள்ளுங்கள்.

ஆகவே முதலாவது தேவை மறைப்பு. வெயிலுக்காக ஹெல்மெட்டின் முகக் கண்ணாடியை உயர்த்திவிட்டு ஓடுவது எம்மவர் பலரின் வழக்கம். லென்ஸ் அணிபவர் அதை இறக்கியே ஓட வேண்டும். முகக் கண்ணாடி இல்லாத ஹெல்மெட்டாயின் பக்கங்களையும் மூடும் பாதுகாப்புக் கண்ணாடி தேவை. இரவில் அது நிறமற்றதாக இருக்க வேண்டும். அறுவடைக் காலத்தில் வயல் வீதிகளில் பறக்கும் உமியும் பதரும், மாலையில் வரும் பூச்சிகளும் சாதாரண தூசியைவிட ஆபத்தானவை. தாவரப் பொருட்களால் கண்ணில் ஏற்படும் சிறு கீறல்கூட பங்கசுத் தொற்றாக மாறலாம்.

இரண்டாவது, நீர். கண்ணில் தூசி விழுந்ததும் அருகிலுள்ள பள்ளிவாசலில் நிறுத்தி, லென்ஸுடனேயே கண்ணைத் திறந்து தண்ணீர் அடிக்கத் தோன்றும். அப்படிச் செய்ய வேண்டாம். குழாய் நீரிலும் கிணற்று நீரிலும் அகந்தமீபா எனும் நுண்ணுயிர் இருக்கக்கூடும். அது லென்ஸில் தங்கி விழிவெண்படலத்தைத் தாக்கினால் சிகிச்சை மாதக்கணக்கில் நீளும், பார்வையும் பறிபோகலாம். வுழூவின்போதும் இதே கவனம் வேண்டும். கண்ணின் உட்புறத்தைக் கழுவுவது வுழூவின் கடமைகளில் இல்லை என்பதால் லென்ஸைக் கழற்ற வேண்டியதில்லை. கண்ணை மூடிக்கொண்டு முகத்தைக் கழுவினால் போதும். மழையில் ஓடுபவருக்கும் முகக் கண்ணாடி இறங்கியிருப்பது இதனாலேயே அவசியம்.

தூசி விழுந்தால் கண்ணைக் கசக்காமல் வீதியோரம் நிறுத்துங்கள். கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, நன்கு உலர்த்திய பின்னரே லென்ஸைக் கழற்றுங்கள். எச்சிலாலோ போத்தல் தண்ணீராலோ கழுவி மீண்டும் போடவே கூடாது. லென்ஸுக்குரிய திரவத்தை மட்டுமே பாவிக்க வேண்டும். இதற்காகப் பையில் அத்திரவமும், உங்கள் மூக்குக் கண்ணாடியும் எப்போதும் இருக்கட்டும். வசதியுள்ளோருக்கு ஒரு நாள் மட்டும் பாவித்து வீசும் லென்ஸே பொருத்தம். அழுக்கானால் கவலையின்றி எறிந்துவிடலாம். நீண்ட தூரம் ஓடிக் களைத்து வந்து, லென்ஸுடனேயே தூங்கிவிடாதீர்கள்.

லென்ஸைக் கழற்றிய பிறகும் வலி, சிவப்பு, வெளிச்சத்தைப் பார்க்கக் கூச்சம், பார்வை மங்கல் இருந்தால் அன்றே கண் வைத்தியரிடம் செல்ல வேண்டும். கழற்றிய லென்ஸையும் அதன் பெட்டியையும் கொண்டுபோவது நல்லது. பாமசியில் தாமாகவே சொட்டு மருந்து வாங்கிப் போடுவது ஆபத்தானது. ஸ்டீரொயிட் கலந்த மருந்து சிவப்பைக் குறைத்து, உள்ளே தொற்றை வளர்த்துவிடும்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். அழகுக்கான கலர் லென்ஸையும் கண் பரிசோதனையின்றி, அளவு பாராமல் வாங்க இடமளிக்காதீர்கள். லென்ஸ் அணியும் பிள்ளைக்குப் பைக் வாங்கிக் கொடுப்பதாயின், கீறல் விழாத முகக் கண்ணாடியுள்ள நல்ல ஹெல்மெட்டையும் சேர்த்தே வாங்கிக் கொடுங்கள். அதற்கான செலவு, கண் சிகிச்சைக்காகக் கொழும்புக்கு அலையும் செலவோடு ஒப்பிடுகையில் மிகச் சிறியது.