நோயாளியோடு அடைபட்டிருப்பவர்

வைத்தியர் நோயாளியைப் பார்க்க வருகிறார்; நாடி பிடித்துப் பார்க்கிறார்; மருந்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார். இரவு முழுவதும் அருகிருக்கும் தாதியுங்கூட வேண்டும்போது கதவைத் திறந்து வெளியே வரலாம். ஆனால், நோயாளி ஒருவரோடு இரும்பு அறையொன்றினுள்ளே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் அடைபட்டிருந்து, நோயாளியின் உடம்பை அழுத்துகின்ற அதே காற்றின் அமுக்கத்தைத் தம் உடம்பிலும் ஏற்றுக்கொண்டு பணிவிடை செய்கின்ற ஒருவரைப் பற்றி நேயர்கள் கேள்வியுற்றிருக்கிறீர்களோ, அறியேன். அமெரிக்கக் கடற்படையிலே அத்தகையோர் இருக்கின்றனர். மருத்துவ உதவியாளராயும் சுழியோடியாயும் ஒருங்கே பயிற்சி பெற்ற அவர்கள் எவ்வாறு அத்தொழிலுக்குத் தகுதியடைகின்றனர் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் நோயை அறிந்துகொள்வோம். கடலிலே 33 அடி இறங்குந்தோறும், மேலே நம்மைச் சூழ்ந்திருக்கும் காற்றின் அமுக்கத்துக்குச் சமமான அமுக்கம் ஒன்று கூடுகின்றது. ஆழத்திலே சுழியோடி மூச்சுவிடுவதற்கு அந்த அமுக்கத்திலேயே காற்றுக் கொடுக்கவேண்டும். அக்காற்றிலுள்ள ஒட்சிசனை உடம்பு செலவிட்டுவிடும். நைதரசனோ செலவாகாமல் குருதியிலும் கொழுப்பிலும் நரம்பிலும் கரைந்து தங்கும். மெல்ல மேலே வந்தால் அது வந்தவழியே மூச்சோடு வெளியேறும். விரைந்து வந்தால், சோடாப் போத்தலின் மூடியைத் திடீரெனத் திறந்தாற்போல உடம்புக்குள்ளேயே குமிழி கிளம்பும். மூட்டிலே குமிழி தோன்றினால் தாங்கொணா நோவு. முள்ளந்தண்டு நாணிலே தோன்றினால் கால்கள் உணர்விழக்கும். சிலவேளை உயிரும் போகும். மன்னார்க் கடலிலே முத்துக் குளித்த நம்மவர் மேலே இழுத்த ஒரே மூச்சை அடக்கிக்கொண்டு சிறிது நேரமே மூழ்கியிருந்தனர். அமுக்கிய காற்றைச் சுவாசித்தாரல்லர். ஆதலால் அவர்களுக்குச் சுறாமீன் பயமிருந்த அளவுக்கு இந்நோயின் பயம் இருந்ததில்லை.

இந்நோய் குமிழியால் வருவது என்பதை 1878ஆம் ஆண்டிலே போல் பேர்ட் என்னும் பிரெஞ்சு அறிஞர் விளக்கிக் காட்டினார். ஆயினும், நோயுற்றவரை மறுபடியும் அமுக்கத்துக்குள் அனுப்பிக் குமிழியைச் சுருக்கிவிடலாம் என்பதை முறையாகக் கையாண்டவர் வைத்தியரல்லர்; ஏணஸ்ட் மொயர் என்னும் எஞ்சினியர். நியூ யோர்க் நகரத்தருகே ஹட்சன் ஆற்றின் கீழே சுரங்கம் தோண்டினார்கள். தண்ணீர் உட்புகாதிருக்க அங்கே அமுக்கிய காற்றை நிரப்பியிருந்தனர். நாற்பத்தைந்து ஐம்பது பேர் வேலை செய்த அவ்விடத்திலே மாதத்துக்கு ஒருவராக இறந்துகொண்டிருந்தனர். 1889ஆம் ஆண்டளவில் அங்கு வந்த மொயர், கொதிகலத்தைப் போன்ற இரும்பு அறையொன்றைச் செய்வித்து, நோவு கண்ட தொழிலாளரை அதனுள் இட்டுக் காற்றை ஏற்றி மெல்ல மெல்ல இறக்கினார். அடுத்த பதினைந்து மாதங்களில் 120 தொழிலாளருள் இறந்தோர் இருவரே. நான் இங்கே விவரிக்கும் அறை அந்தக் கொதிகலத்தின் வழித்தோன்றல்தான்.

இக்காலத்து முறையில் ஒட்சிசனே பெருமருந்து. அமெரிக்கக் கடற்படை 1967ஆம் ஆண்டிலே மேற்கொண்ட ஆறாவது சிகிச்சை அட்டவணை இன்றும் பெருவழக்கிலுள்ளது. நோயாளியை உள்ளே கிடத்தி, 60 அடி ஆழத்துக்குச் சமமான அமுக்கம் வரும்வரை காற்றை ஏற்றுவர். முகமூடி வழியே இருபது நிமிடம் ஒட்சிசன், பிறகு ஐந்து நிமிடம் வெறுங்காற்று, இவ்வாறு மூன்று முறை. பின்பு நிமிடத்துக்கு ஓரடியாக அரைமணி நேரத்தில் 30 அடிக்கு வந்து, அங்கே நீண்ட வேளை தங்கி, மீண்டும் நிமிடத்துக்கு ஓரடியாக மேலே வருவர். நீட்டிப்பு எதுவும் வேண்டாவிடின் 4 மணி 45 நிமிடத்தில் முடியும். வெளியே மேற்பார்வையாளர் ஒருவர், வால்வுகளைத் திருப்புவோர், நேரம் குறிப்போர் நிற்பர். உள்ளே நோயாளியும், அவருக்கு உடனிருப்பவரும்.

அந்த உடனிருப்பவராக விரும்புகின்றவர் முதலிற் கடற்படை மருத்துவ உதவியாளராக இருத்தல் வேண்டும். ஆனால், புளோரிடா மாநிலத்திலே பனாமா சிற்றி என்னுமிடத்தில் 1980ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் சுழியோடிப் பயிற்சி நிலையத்தின் வாயிலிலே அவருடைய மருத்துவ அறிவை எவரும் முதலிற் கேட்பதில்லை. 500 கெஜ தூரத்தைப் பன்னிரண்டரை நிமிடத்துக்குள் நீந்துவாரா என்றுதான் கேட்கின்றனர். அமுக்க அறையினுள் இருத்தி, காது அடைபடாமல் அமுக்கத்தைச் சமன்செய்ய அவரால் இயலுமா என்றும் சோதிப்பர். மூக்கைப் பிடித்து மெல்ல ஊதியும் காது திறவாதவர், மற்றெல்லாவற்றிலும் வல்லவராயினும் வீடு திரும்பவேண்டியதே.

பின்னர் நீச்சற் குளத்திலே சோதனை. நீரடியில் இருக்கும் பயிலுநரின் வாயிலிருந்து ஆசிரியர் மூச்சுக்குழாயைப் பறிப்பார், குழாயை முடிச்சிடுவார், முகக்கண்ணாடியைத் தள்ளிவிடுவார். பயிலுநர் மேலே பாய்ந்து வராமல், ஒவ்வொன்றாக ஒழுங்குசெய்து மூச்சை மீட்கவேண்டும். கட்டிற்பக்கத்திலே நிற்பவனுக்கு இது எதற்கு என்று கேட்கத் தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றிற்று. நோயாளிக்கு உள்ளே ஏதேனும் நேர்ந்தால் உடனிருப்பவர் ஓடிப்போய் வைத்தியரைக் கூட்டிவர முடியாது. வைத்தியர் உள்ளே வரவேண்டுமாயின் முன்னறையிலே காற்றேற்றி, அமுக்கம் சமமாகும் வரை அவர் காத்திருத்தல் வேண்டும். அதுவரை அங்கிருப்பவை இரண்டு கைகள் மாத்திரமே. அவை பதறாமலிருக்கப் பழக்குவதற்கே குளம்.

அதன்பின் வரும் வகுப்புகளில், ஆஸ்பத்திரியிலே கற்ற பல கைவழக்கங்களை மறுபடியும் புதிதாகக் கற்க நேர்கின்றது. அமுக்கம் கூடினால் காற்றுச் சுருங்கும், குறைந்தால் விரியும் என்ற பொயிலின் விதியைப் பள்ளிக்கூடத்திலே மனப்பாடம் செய்தோம். இங்கே அது நோயாளியின் உயிரோடு விளையாடுகின்றது. 60 அடியிலே காற்றின் பருமன் மேலிருந்ததில் மூன்றிலொரு பங்குக்குச் சற்று அதிகமே. ஆகவே, நோயாளியின் தொண்டைக்குள் இட்ட குழாயைச் சுற்றி இறுக்கும் சிறு பையிலே காற்று இருந்தால் அது சுருங்கி, குழாய் தளர்ந்துவிடும். அப்பையை நீரால் நிரப்பவேண்டும். நரம்பு வழியே நீர் ஏற்றும் கண்ணாடிப் போத்தலுக்குக் காற்று வழி வைக்காவிட்டால், மேலே வரும்போது உள்ளிருக்கும் காற்று விரிந்து விபத்து நேரும். நுரையீரலுக்கு வெளியே நெஞ்சறையிற் சிறிது காற்றுச் சிக்கியிருந்தால், ஆழத்திலே அது வாளாவிருக்கும். அமுக்கம் குறையக் குறையப் பெருகி இதயத்தையே நெருக்கும். அவ்வேளையில் ஏற்றத்தை நிறுத்தச் சொல்லி, நெஞ்சிலே ஊசி செலுத்தி அக்காற்றை வெளிவிட அவர் அறிந்திருக்கவேண்டும்.

நரம்புச் சோதனையும் விடாது பயிற்றப்படுகின்றது. கண்ணின் அசைவு, முகத்தின் சமன், கைகால்களின் பலம், தோலின் உணர்ச்சி, முழங்காலின் துடிப்பு, நடையின் ஒழுங்கு ஆகிய எல்லாவற்றையும் விரைவாகவும் விடுபடாமலும் பார்த்துச் சொல்லவேண்டும். நோயாளி தேறுகின்றாரா என்பதை வெளியே நிற்பவர்கள் உள்ளிருப்பவரின் சொல்லைக் கொண்டே பெரிதும் அறிகின்றனர். நேரத்தை நீட்டுவதா என்பதும் அதைப் பொறுத்ததே. சில நோயாளிகளை 165 அடிக்கு ஒப்பான அமுக்கத்துக்குக் கொண்டுபோக நேரும். அங்கே நைதரசன் மதுவைப் போல அறிவை மயக்கும். நாடியை எண்ணுவதே அப்போது உடனிருப்பவருக்கு ஒரு வேலையாகிவிடும்.

மருந்தாகிய ஒட்சிசனும் நஞ்சாவதுண்டு. 60 அடியிலே தூய ஒட்சிசனைச் சுவாசிப்பவருக்குப் பார்வை குறுகலாம், காதில் இரைச்சல் கேட்கலாம், குமட்டலாம், உதடு துடிக்கலாம். இவற்றுள் ஒன்றும் தோன்றாமலே வலிப்பும் வந்துவிடலாம். வந்தால் முகமூடியை உடனே கழற்றவேண்டும். தலை இரும்பிலே மோதாமற் காக்கவேண்டும். வெளியே நிற்பவர்கள் அவசரப்பட்டு மேலே கொண்டுவருதல் ஆகாது. வலிப்பிலே மூச்சுவழி மூடியிருக்கும். அந்நிலையில் அமுக்கம் குறைந்தால் விரியும் காற்று நுரையீரலைக் கிழித்துவிடும். வலிப்பு ஓய்ந்து மூச்சு ஒழுங்காகும் வரை ஆழத்தை மாற்றாதிருப்பதே முறை.

தீயைப் பற்றியும் சொல்லவேண்டும். 1965ஆம் ஆண்டு பெப்ரவரியில், வாஷிங்டனில் அமெரிக்கக் கடற்படையின் சுழியோடல் ஆராய்ச்சிப் பிரிவிலே ஓர் அமுக்க அறைக்குள் தீப்பிடித்துச் சுழியோடிகள் இருவர் மாண்டனர். ஒட்சிசன் மிகுந்த காற்றிலே தீ பரவும் வேகம் நாம் அடுப்படியிற் காண்பது போன்றதன்று. ஆகவே, அறைக்காற்றிலே ஒட்சிசன் நூற்றுக்கு இருபத்தைந்துக்கு மேற்போக விடுவதில்லை. தீப்பெட்டி, எண்ணெய்ப் பசை, எளிதிற் பற்றும் துணி எதுவும் உள்ளே போகாமல் சட்டைப்பை வரை தேடுவர். முகமூடி முகத்திலே சரியாகப் பொருந்தாவிட்டால் ஒட்சிசன் கசிந்து அறையிலே சேரும். எனவே நோயாளியின் முகமூடியை அடிக்கடி தொட்டுப் பார்ப்பது, சிகிச்சையோடு தம் உயிரையும் காத்துக்கொள்ளும் வேலையாகும்.

இனி, அந்த உதவியாளரின் உடம்பைப் பற்றிய கணக்கு ஒன்று எஞ்சியுள்ளது. நோயாளி முகமூடி வழியே ஒட்சிசனைச் சுவாசிக்கிறார். அவர் உடம்பிலிருந்து நைதரசன் கழிந்துகொண்டே போகின்றது. அருகே இருப்பவரோ அறைக்காற்றையே சுவாசிக்கிறார். கடலில் இறங்காமலே, ஈரம் படாமலே, அவருடைய குருதியிலே நைதரசன் மணிக்கணக்காகச் சேர்ந்துகொண்டிருக்கின்றது. நோயாளிக்கு எந்நோய் வந்ததோ அதே நோய்க்கான முதல் அவரிடம் வளர்கின்றது. அதனால், வழக்கமான சிகிச்சையிலே 30 அடியிற் கழியும் கடைசி அரைமணி நேரமும், மேலே வரும் அரைமணி நேரமும் அவரும் முகமூடி அணிந்து ஒட்சிசனைச் சுவாசிக்கவேண்டும். சிகிச்சை நீட்டப்பட்டால் அந்நேரமும் நீளலாம். களைத்துப்போன உதவியாளர், தமக்கு ஒன்றுமில்லை என்று இதனைத் தட்டிக்கழிக்காதபடி நேரக்குறிப்பாளர் நோயாளியின் கணக்கோடு இவர் கணக்கையும் எழுதிவருவார்.

அமுக்கம் குறையும்போது அறை குளிர்ந்து உள்ளே பனிப்புகை படரும். கதவு திறக்கும். நோயாளியை ஆறு மணி நேரம் அங்கேயே வைத்துக் கவனிப்பர். உடனிருந்தவரும் உடனே வீட்டுக்குப் போய்விட முடியாது. அவர் அறையின் அருகிலேயே ஒரு மணி நேரம் தங்கியிருக்கவேண்டும். தோளிலோ முழங்காலிலோ சிறு நோவு கண்டாலும் சொல்லிவிடவேண்டும். சொன்னால், அவரையே உள்ளே கிடத்தி, வேறொருவர் உடனிருக்க, கதவை மறுபடியும் மூடுவர்.