மன்னார் மேற்றிராணியாரின் கணக்கு

தனுஷ்கோடி முனையிலிருந்து கடலைத் தாண்டினால் சுமார் 30 கிலோ மீட்டரில் தலைமன்னார். 1964-ம் வருஷத்துப் புயலில் தனுஷ்கோடி அழியும் வரையில், சென்னையில் ரயிலேறிய பிரயாணிகள் அங்கே இறங்கிக் கப்பலில் அக்கரை சேர்ந்து, மறுபடியும் ரயிலேறிக் கொழும்புக்குப் போவது வழக்கமாயிருந்தது. பனையும் பெருக்க மரமும் கழுதைகளும் மலிந்த வறண்ட பூமி அது. முத்துக்குளிப்பினால் முன்னொரு காலத்தில் தேசாந்தரங்களிலெல்லாம் பெயர் பெற்றிருந்த மன்னாருக்கு, நம் காலத்தில் ஓர் எண்ணினால் பெயர் ஏற்பட்டது. 1,46,679 என்பது அந்த எண். அதைச் சபையறியச் சொன்னவர் மன்னார் மேற்றிராணியார் டாக்டர் இராயப்பு ஜோசப் ஆண்டகை.

அன்னாரைப் போல் தம் ஜனங்களால் கொண்டாடப்பட்ட கத்தோலிக்க குருமாரும், பிறரால் தூற்றப்பட்ட கத்தோலிக்க குருமாரும் இலங்கையில் அதிகமில்லை. தமிழர் பலருக்கு அவர் ஊமையர் நடுவே பேசிய ஒருவர். சிங்களப் பத்திரிகைகள் பலவற்றுக்கு, அங்கி தரித்த விடுதலைப் புலி. இவ்விரண்டு சித்திரங்களையும் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு அவருடைய சரித்திரத்தைப் பார்ப்போம்.

அவர் பிறந்தது 1940-ம் வருஷம் ஏப்ரல் 16-ந் தேதி, நெடுந்தீவில். யாழ்ப்பாணத்துக்கு மேற்கே, பவழக்கல் வேலிகளும் கட்டவிழ்ந்து திரியும் குதிரைகளும் உள்ள சிறிய தீவு அது. 1967-ல் குருப்பட்டம் பெற்றார். பின்னர் ரோமாபுரி சென்று திருச்சபைச் சட்டம் பயின்று டாக்டர் பட்டத்துடன் திரும்பினார். இந்தச் சட்டப் படிப்பை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். மேடைப் பிரசங்கியின் வீராவேசத்தைக் காட்டிலும், ஆதாரங்களைத் தேதி வாரியாகத் திரட்டி எழுத்தில் கொடுக்கும் வக்கீலின் பழக்கமே பிற்காலத்தில் அவரிடம் மேலோங்கி நின்றது. 1992-ல் அவர் மன்னாருக்கு மேற்றிராணியாராக நியமனம் பெற்றபோது, அம்மறைமாவட்டம் ஏற்பட்டுப் பதினோரு வருஷமே ஆகியிருந்தது. உள்நாட்டு யுத்தமும் ஏறக்குறைய அதே வயதை எட்டிக்கொண்டிருந்தது.

மன்னார்க் கத்தோலிக்கர்களுக்கு மதத்துக்காகத் துன்புறுவது புதிதன்று. 1544-ல் யாழ்ப்பாணத்து அரசன் சங்கிலியின் ஆணையால், புதிதாக ஞானஸ்நானம் பெற்றிருந்த சுமார் 600 பேர் அங்கே கொல்லப்பட்டனர். அடுத்த நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் கத்தோலிக்கர்களைத் துரத்திய காலத்தில், மாந்தையிலிருந்த சில குடும்பத்தார் தங்கள் கோயிலின் மாதா சொரூபத்தைச் சுமந்துகொண்டு காட்டுக்குள் ஓடி, மருதமடு என்னுமிடத்தில் வைத்துக் காப்பாற்றினார்கள் என்பது வழிவழி வந்த செய்தி. அதுவே மடுமாதா கோயில். ஆவணித் திருவிழாவுக்குத் தமிழரும் சிங்களவரும், கிறிஸ்தவரல்லாதாரும்கூட, லட்சக்கணக்கில் கூடும் ஸ்தலம்.

அந்த மடு, 1990-க்குப் பிறகு அகதிகளின் ஊராயிற்று. குண்டுக்குப் பயந்தவர்கள் கோயில் வளவுக்குள் குடிசை போட்டுக்கொண்டார்கள். அங்கே தங்களை ஒருவரும் தொட மாட்டார்கள் என்பது அவர்களுடைய நம்பிக்கை. 1999-ம் வருஷம் நவம்பர் 20-ந் தேதி இரவு அந்த நம்பிக்கையும் பொய்த்தது. கோயிலில் எறிகணை விழுந்து சுமார் 40 பேர் மாண்டனர். பட்டாளம் புலிகளைக் குற்றஞ்சாட்டியது. புலிகள் பட்டாளத்தைக் குற்றஞ்சாட்டினார்கள். மடுவில் இரு தரப்பாரும் ஆயுதத்துடன் கால் வைக்கக் கூடாது என்று மேற்றிராணியார் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தார். 2008 ஏப்ரலில் சண்டை மீண்டும் கோயிலை நெருங்கவே, குருமார்கள் மாதா சொரூபத்தை எடுத்துக்கொண்டு வடக்கே தேவன்பிட்டிக்குச் சென்றார்கள். ஏறக்குறைய முந்நூற்று நாற்பது வருஷங்களுக்குப் பின் மாதா இரண்டாம் முறையும் அகதியானாள். சொரூபத்தைப் புலிகளின் பக்கம் கொண்டுபோனதாகத் தென்னிலங்கையில் பெரிய கூச்சல் எழுந்தது. ஆகஸ்டு மாதத்தில் சொரூபம் மடுவுக்குத் திரும்பியது. ஆனால் மேற்றிராணியார் மீது விழுந்த பழி நீங்கவில்லை.

2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் யுத்தம் முடிந்தது. உயிர் பிழைத்து வெளியே வந்த லட்சக்கணக்கானோரில் பெரும்பாலோரை முள்வேலிக்குள் வைத்த மெனிக் பார்ம் முகாம், வவுனியா ஜில்லாவில் இருந்தது. வவுனியாவும் அவருடைய மறைமாவட்டமே. ஆகவே, புருஷனைக் காணோம், பிள்ளையைப் பட்டாளத்தாரிடம் ஒப்படைத்தேன், பிறகு காணோம் என்று அழுத பெண்களின் முறையீட்டை முதலில் கேட்டவர்களில் அவருடைய குருமாரும் இருந்தார்கள். யாழ்ப்பாணத்துப் புனித பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் தலைமை ஆசிரியர், பிரான்சிஸ் ஜோசப் அடிகளார், சரணடைந்தவர்களுடன் கூடவே போனார். அவரையும் பிறகு கண்டவர் இல்லை.

யுத்தத்தைப் பற்றி விசாரிக்க ராஜபக்ஷ சர்க்கார் நியமித்த 'கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு' 2011 ஜனவரியில் மன்னாருக்கு வந்தது. மேற்றிராணியார் தம் குருமார் இருவருடன் அதன் முன் சென்று எழுத்து மூலமான சாக்ஷியம் கொடுத்தார். அதிலிருந்த கணக்கு நாலாம் வகுப்புப் பிள்ளை போடக்கூடியது. கிளிநொச்சி, முல்லைத்தீவுக் கச்சேரிகளின், அதாவது நம் ஊர்க் கலெக்டர் ஆபீஸ் போன்றவற்றின், பதிவுப்படி 2008 அக்டோபர் ஆரம்பத்தில் வன்னியிலிருந்த ஜனத்தொகை 4,29,059. ஐக்கிய நாடுகள் சபையின் அலுவலகக் கணக்குப்படி 2009 ஜூலை 10-ந் தேதி வரையில் சர்க்கார் பகுதிக்கு வந்து சேர்ந்தவர்கள் 2,82,380. கழித்தால் மீதி 1,46,679. இவர்களுக்கு என்ன நேர்ந்தது என்று அவர் கேட்டார்.

எங்கள் சந்தவாசல், ஆரணிப் பக்கத்தில் முதலாளி தறிக்காரரிடம் பட்டு நூலை நிறுத்துக் கொடுப்பார். நெய்து வந்த புடவையையும் நிறுத்துப் பார்ப்பார். எடை குறைந்தால், நூல் எங்கே என்பார். அதைக் கேட்டதற்காகத் தறிக்காரர் அவரைத் திருடன் என்பதில்லை. மன்னாரில் கணக்குக் கேட்டவரைத்தான் குற்றவாளி என்றார்கள். 2012-ல் குற்றப் புலனாய்வுப் போலீசார் அவரிடமே வந்து, இந்த எண் எப்படிக் கிடைத்தது என்று விசாரித்தனர். இரண்டு எண்களில் ஒன்று சர்க்காரின் சொந்தக் கச்சேரியினுடையது என்பதுதான் இதில் வேடிக்கை.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இத்தனை பேரும் கொல்லப்பட்டார்கள் என்று மேற்றிராணியார் அந்தச் சாக்ஷியத்தில் கூறவில்லை. அவருடைய எண்ணை எடுத்து மாண்டவர் தொகையாக முழங்கியவர்கள் பிறர். அவர்கள் அவருக்கு நன்மை செய்ததாகத் தோன்றவில்லை. கச்சேரிக் கணக்கு, நிவாரண அரிசிக்காகப் புலிகளின் பிடியிலிருந்த பகுதியில் ஊதிப் பெருக்கப்பட்டது என்றனர் எதிர்வாதம் செய்தவர்கள். அது அசம்பாவிதமன்று. ஆனால் 2009 ஆரம்பத்தில் வன்னியில் 70,000 பேர்தான் இருக்கிறார்கள் என்று சொன்ன சர்க்காரின் கண்முன்னேயே, அதைப் போல் நான்கு மடங்கு ஜனங்கள் வெளியே வந்து நின்றார்கள். ஐக்கிய நாடுகள் சபைச் செயலாளர் நியமித்த நிபுணர் குழு, சிவிலியன்களில் 40,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்று 2011-ல் கூறியது. அச்சபையின் உள் விசாரணை அறிக்கை 2012-ல் 70,000-க்கும் மேற்பட்டோருக்குக் கணக்கில்லை என்றது. எண்கள் வேறுபட்டன, கேள்வி ஒன்றேதான்.

அவர் மீது சொல்லப்பட்ட எல்லாக் குறைகளையும் துவேஷம் என்று தள்ளிவிடுவதும் நியாயமாகாது. புலிகள் சிறுவர்களைப் பிடித்துப் போருக்கு அனுப்பியதையும், கடைசி மாதங்களில் ஜனங்களை வெளியேற விடாமல் தடுத்ததையும், பட்டாளத்தின் கொடுமையைக் கண்டித்த அதே குரலில் அவர் கண்டிக்கவில்லை என்ற புகார் உண்டு. 1990 அக்டோபரில் புலிகளால் வட மாகாணத்திலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்களில் மன்னாரைச் சேர்ந்தவர்கள் ஏராளம். யுத்தத்திற்குப் பின் அவர்கள் திரும்பி வந்து நிலத்துக்கும் மீன்பிடித் துறைக்கும் உரிமை கோரியபோது, மேற்றிராணியார் தமிழர் பக்கமே பேசினார் என்று அவர்களில் பலர் மனம் கசந்தனர். அவருடைய ஆதரவாளர்கள் இதற்கெல்லாம் சமாதானம் சொல்வதுண்டு. எனக்கு அந்தச் சமாதானங்கள் முழுத் திருப்தி தரவில்லை. ஆயினும், இந்தக் குறைகளால் அந்தக் கழித்தல் கணக்கு தப்பாகிவிடாது.

சொந்தத் திருச்சபையிலும் அவர் தனித்தே நின்றார். 2012-ல் இலங்கைக்கு எதிரான தீர்மானம் ஜெனீவாவில் மனித உரிமைப் பேரவை முன் வந்தபோது, அவரும் வடக்கிலுள்ள குருமார் சிலரும் அதை ஆதரித்துக் கையெழுத்திட்டுக் கடிதம் அனுப்பினர். கொழும்பு அதிமேற்றிராணியார் கர்தினால் மால்கம் ரஞ்சித் ஆண்டகையோ, அது தேசத்தின் உள்விவகாரத்தில் அந்நியர் தலையிடுவது என்று எதிர்த்தார். ஒரே திருச்சபையின் இரண்டு மேய்ப்பர்கள் இரண்டு மந்தைகளின் பாஷையில் பேசினார்கள்.

2015 ஜனவரி 14-ந் தேதி பாப்பரசர் பிரான்சிஸ் மடுவுக்கு எழுந்தருளினார். யுத்தத்தில் உற்றாரை இழந்த தமிழரும் சிங்களவரும் அங்கே கூடியிருந்தனர். அதே வருஷத்தில் மேற்றிராணியார் பக்கவாதத்தால் படுத்தார். சரியாக ஒரு வருஷம் கழித்து, 2016 ஜனவரி 14-ல், அவருடைய ராஜிநாமாவை ரோமாபுரி ஏற்றது. பல வருஷங்கள் அவர் அதிகம் பேச இயலாமல் இருந்தார். 2020 ஜனவரியில் ஜனாதிபதி கோத்தபாய ராஜபக்ஷ, காணாமற்போனவர்கள் உண்மையில் இறந்துபோனவர்களே என்று ஐக்கிய நாடுகள் பிரதிநிதியிடம் சொன்னதாகச் செய்தி வந்தது. எப்படி இறந்தார்கள் என்பதற்கு விவரம் வரவில்லை.

2021 ஏப்ரல் 1-ந் தேதி இராயப்பு ஜோசப் ஆண்டகை காலமானார். மன்னார்ப் புனித செபஸ்தியார் பேராலயத்தில் அவரை அடக்கம் செய்தனர். வடக்கெங்கும் துக்கம் அனுஷ்டிக்கப்பட்டது. இந்துக்களும் திரளாக வந்து அஞ்சலி செலுத்தினர்.

இதற்கிடையில், 2019 ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்பு, நீர்கொழும்பு, மட்டக்களப்பு நகரங்களிலுள்ள தேவாலயங்களிலும், கொழும்பின் ஓட்டல்களிலும் குண்டுகள் வெடித்து 250-க்கும் மேற்பட்டோர் மாண்டிருந்தனர். அந்தப் படுகொலைக்குச் சர்க்காரிடம் நியாயம் கிடைக்கவில்லை என்று மனம் வெறுத்த கர்தினால் மால்கம் ரஞ்சித், 2022 மார்ச்சு மாதத்தில் ஜெனீவாவுக்குப் பிரயாணமானார். அதே மனித உரிமைப் பேரவையின் முன் நின்று, உண்மையைக் கண்டுபிடிக்க உலகத்தார் உதவ வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அப்போது மன்னார் மேற்றிராணியார் மறைந்து பதினொரு மாதம் ஆகியிருந்தது.