பசுவின் ஈற்றுக் காலம்

மாடு என்னும் சொல்லுக்குச் செல்வம் என்பதும் ஒரு பொருளாகும். ஆனிரையையே பெருஞ்செல்வமாகக் கருதி வாழ்ந்த நம் முன்னோர், இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தனர். இன்றும் சிற்றூர்களில் ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் நிலம் வைத்துப் பயிரிடும் குடும்பங்களுக்கு ஒன்றிரண்டு கறவைப் பசுக்களே பெருந்துணையாக விளங்குகின்றன. மழை பொய்த்து விளைச்சல் குன்றிய காலத்தும், நாள்தோறும் கறக்கும் பால் அக்குடும்பத்தின் அடுப்பை எரியச் செய்கிறது. பிள்ளைகளின் படிப்புச் செலவுக்கும் உதவுகிறது. ஆனால், கன்று ஈன்றாலன்றிப் பசுவிடம் பால் இல்லை. ஆதலின், பசு கன்று ஈனும் அந்த ஓர் இரவு, தாயின் உயிர், சேயின் உயிர், குடும்பத்தின் வருவாய் ஆகிய மூன்றையும் ஒருங்கே முடிவு செய்யும் இரவாகும். அப்பொழுது செய்யத்தக்கவை எவை, செய்யத்தகாதவை எவை என்பதை உழவர் வீட்டுப் பிள்ளைகள் அறிந்து வைத்திருத்தல் வேண்டும்.

பசுவின் சினைக்காலம் ஏறத்தாழ 280 நாள்களாகும். இனத்திற்கேற்பவும் பசுவிற்கேற்பவும் சில நாள்கள் கூடலாம், குறையலாம். குளிர்மிக்க நாடுகளில் பசுக்கள் பெரும்பாலும் இளவேனிற் காலத்திலேயே ஈனுமாறு உழவர்கள் காலம் வகுத்துக்கொள்வர். நம் நாட்டிலோ பசுக்கள் ஆண்டு முழுவதும் ஈனுகின்றன. ஆகையால், பசு சினைப்படுத்தப்பட்ட நாளைக் குறித்து வைத்தல் முதற்கடமையாகும். சனவரி 15-ஆம் நாள் சினைப்பட்ட பசு, அக்டோபர் 22-ஆம் நாளை ஒட்டிக் கன்று ஈனும் என்று கணக்கிடலாம். அது வடகிழக்குப் பருவமழை பெய்யும் காலம். எனவே, ஒழுகாத கூரையும் உலர்ந்த தரையும் முன்னரே ஆயத்தமாக இருக்க வேண்டும் என்பதும் அக்கணக்கினால் விளங்கும். நாட்காட்டியில் எழுதி வைக்கும் ஒரு சிறு குறிப்பு, பின்னர் வரும் பல தொல்லைகளைத் தடுத்துவிடுகிறது.

ஈனுவதற்கு அறுபது நாள்களுக்கு முன்பே பால் கறத்தலை நிறுத்திவிட வேண்டும். வயிற்றில் உள்ள கன்று தன் எடையில் பெரும்பகுதியைக் கடைசி மூன்று மாதங்களிலேயே பெறுகிறது. அவ்வேளையில் பசு கன்றையும் வளர்த்துப் பாலும் சுரக்குமானால் அதன் உடல் நலியும். மடியும் ஓய்வு பெற்றால்தான் அடுத்த ஈற்றில் நன்றாகப் பால் சுரக்கும். பசும்புல், வைக்கோல், அளவான தவிடு, பிண்ணாக்கு, தூய நீர் ஆகியவற்றை இக்காலத்தில் குறைவின்றி அளித்தல் வேண்டும். அதற்காக, மிகுதியாக ஊட்டிக் கொழுக்க வைத்தலும் தவறு. கொழுத்த பசு ஈனுவதற்கு இடர்ப்படும். மேடு பள்ளங்களில் ஓட்டுவதும், முட்டும் மாடுகளோடு சேர்த்துக் கட்டுவதும் கூடா.

நாள் நெருங்கியதும் பசுவைத் தனியே ஒரு கொட்டிலில் விடுதல் நலம். அக்கொட்டிலைக் கழுவி உலர்த்தி, தரையில் புது வைக்கோலைத் தடிப்பாகப் பரப்ப வேண்டும். வழுக்கும் தரை சினைப்பசுவுக்குப் பகையாகும். பசு எழவும் படுக்கவும் திரும்பவும் போதிய இடம் இருக்க வேண்டும். கழுத்துக் கயிற்றைக் குறுகக் கட்டுதல் கூடாது. சோப்பு, வெந்நீர், தூய துணி, நூல், அயோடின் கரைசல், விளக்கு, கையுறை ஆகியவற்றை ஒரு பெட்டியில் எடுத்து வைத்தல் வேண்டும். நள்ளிரவில் தேடித் திரியும் நேரம் உயிருக்கு உலை வைக்கும் நேரமாகிவிடலாம்.

ஈற்று அண்மையில் உள்ளது என்பதைப் பசுவே நமக்கு அறிவிக்கும். மடி பெருத்து இறுகும், காம்புகள் விறைக்கும். வாலின் அடியில் இருபுறமும் கயிறுபோல் இறுகியிருந்த தசைநார்கள் தளர்ந்து அவ்விடம் குழிந்து தோன்றும். பிறப்புறுப்பு வீங்கும், பளிங்கு போன்ற குழம்புநீர் வடியும். பசு தீனியில் விருப்பமின்றி இருக்கும், கூட்டத்தை விட்டு விலகி நிற்கும், அடிக்கடி படுத்து எழும், வாலைத் தூக்கும், தன் வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும். இக்குறிகள் தோன்றியதும் ஆரவாரம் செய்யாமல், சற்றுத் தொலைவில் இருந்து நோக்குதலே நாம் செய்யத்தக்கது. அச்சம் அடைந்த பசுவுக்கு ஈனும் முயற்சி தடைப்பட்டு நின்றுவிடுதலும் உண்டு.

கன்று ஈனுதல் மூன்று நிலைகளில் நிகழ்கிறது. முதல் நிலையில் கருப்பை சுருங்கி விரிந்து, கருப்பையின் வாய் திறக்கிறது. இதற்குச் சில மணி நேரம் ஆகும். தலையீற்றுக் கிடாரிகளுக்கு இன்னும் மிகுதியாகும். இரண்டாம் நிலையில் பனிக்குடம் வெளிப்பட்டு உடைகிறது. பசு முக்கி முனைந்து கன்றை வெளியே தள்ளுகிறது. மூன்றாம் நிலையில் இளங்கொடி விழுகிறது. நீரில் குதிப்பவன் இரு கைகளையும் நீட்டி, அவற்றின் மேல் தலையை வைத்துப் பாய்வதைப் பார்த்திருப்பீர்கள். கன்றும் அவ்வாறே இரு முன்னங்கால்களை நீட்டி, அவற்றின் மேல் முகத்தைப் பொருத்தி வெளிவருதலே இயல்பான முறையாகும். அப்படி வருமானால் பெரும்பாலும் நம் உதவி தேவையில்லை. பொறுமையே சிறந்த உதவியாகும்.

எனினும், பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டு. பனிக்குடம் உடைந்து ஒரு மணி நேரம் ஆகியும் முன்னேற்றம் இல்லையெனில் மருத்துவரை அழைக்க வேண்டும். ஒரு கால் மட்டும் வெளியே தெரிதல், கால்கள் தெரிந்தும் மூக்கு தெரியாதிருத்தல், வால் மட்டும் தென்படுதல், குளம்பின் அடிப்புறம் மேல்நோக்கி இருத்தல் ஆகியவை கன்று புரண்டோ பின்புறமாகவோ கிடக்கிறது என்பதற்கு அறிகுறிகளாகும். இந்நிலையில் நான்கு பேர் கூடிக் கயிறு கட்டி இழுப்பது பெருங்கேடு விளைக்கும். கன்றின் கால் முறியலாம். பசுவின் கருப்பை கிழியலாம். கால்நடை மருத்துவர் கன்றை உள்ளே சற்றுத் தள்ளி, மடங்கிய உறுப்பை நேராக்கிய பின்னரே வெளிக்கொணர்வார். தள்ளுவதற்கு இடமும் அறிவும் வேண்டும். இழுப்பதற்கு வலிமை ஒன்றே போதும் என்று எண்ணுவோர் ஏமாற்றம் அடைவர். 1962 என்னும் தொலைபேசி எண்ணில் அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியின் உதவியைக் கேட்கலாம். அருகில் உள்ள மருந்தகத்தின் எண்ணையும் கொட்டிலின் சுவரிலேயே எழுதி வைத்தல் நன்று.

கன்று பிறந்தவுடன் அது மூச்சு விடுகிறதா என்று பார்த்தல் வேண்டும். மூக்கிலும் வாயிலும் உள்ள கோழையைத் துணியால் துடைத்து நீக்க வேண்டும். மூச்சு விடத் தயங்கினால், தூய வைக்கோல் துரும்பால் மூக்கினுள் மெல்ல வருடலாம். உலர்ந்த வைக்கோலால் மார்பைத் தேய்க்கலாம். பின்னர்த் தாயிடம் விட்டுவிட்டால் அது நக்கி நக்கிக் கன்றை உலர்த்தும். அன்பின் செயலாகிய அந்நக்குதல் கன்றின் குருதியோட்டத்தையும் தூண்டுகிறது. கொப்பூழ்க்கொடியை ஏறத்தாழ இரண்டு அங்குலம் விட்டு நூலால் கட்டி, கட்டுக்குக் கீழே தூய கத்தரியால் வெட்டி, முனையை அயோடின் கரைசலில் தோய்க்க வேண்டும். கொப்பூழ் வழியே நோய்க்கிருமிகள் புகுந்தால் கன்றின் மூட்டுகள் வீங்கும். உயிருக்கும் கேடு நேரும்.

அடுத்துக் கன்றுக்கு வேண்டுவது சீம்பால். மனிதக் குழந்தை தாயின் வயிற்றில் இருக்கும்போதே நோயெதிர்ப்புப் பொருள்களைத் தாயின் குருதியிலிருந்து பெறுகிறது. கன்றுக்கு அவ்வாய்ப்பு இல்லை. பசுவின் கருப்பை அமைப்பு அப்பொருள்களைக் கன்றுக்குச் செல்ல விடுவதில்லை. அவற்றைப் பசு தன் சீம்பாலில் திரட்டி வைத்திருக்கிறது. கன்றின் குடல், பிறந்த சில மணி நேரம்வரை அவற்றை அப்படியே உறிஞ்சிக் குருதியில் சேர்க்க வல்லது. நேரம் செல்லச் செல்ல அவ்வாற்றல் குறைந்து, ஏறத்தாழ 24 மணி நேரத்தில் அற்றுப்போகிறது. ஆகவே, பிறந்த இரண்டு மணி நேரத்திற்குள் கன்று சீம்பால் அருந்த வேண்டும். 25 கிலோ எடையுள்ள கன்றுக்கு முதல் நாளில் இரண்டரை லிட்டர் அளவேனும் தேவை. எழ இயலாத கன்றுக்குக் கறந்து புகட்ட வேண்டும்.

இளங்கொடி விழும்வரை கன்றைப் பால் குடிக்க விடலாகாது என்னும் நம்பிக்கை சில ஊர்களில் நிலவுகிறது. இது கன்றுக்குப் பெருந்தீங்கு செய்வது. உண்மை இதற்கு நேர்மாறானது. கன்று முட்டிப் பால் குடிக்கும்போது பசுவின் உடலில் ஆக்சிடோசின் என்னும் சுரப்புநீர் ஊறுகிறது. அது மடியில் பாலை இறங்கச் செய்வதோடு கருப்பையையும் சுருங்கச் செய்கிறது. இவ்வாறு, கன்று பால் குடித்தலே இளங்கொடி விழுவதற்குத் துணை செய்கிறது.

இளங்கொடி பெரும்பாலும் எட்டு மணி முதல் பன்னிரண்டு மணி நேரத்திற்குள் விழுந்துவிடும். அது கருப்பையோடு பல முடிச்சுகளால் பொருந்தியிருக்கிறது. விழாத இளங்கொடியில் கல்லைக் கட்டித் தொங்கவிடுதலும், கையால் பற்றி இழுத்தலும் அம்முடிச்சுகளைக் கிழித்துவிடும்; உள்ளே தங்கிய துண்டுகள் அழுகிப் பசுவை நோய்க்கு ஆளாக்கும். 24 மணி நேரம் கடந்தும் விழாவிடில் மருத்துவரிடம் காட்ட வேண்டும். விழுந்த இளங்கொடியை வைக்கோலில் பொதிந்து ஆலமரக் கிளையில் கட்டும் வழக்கம் நம் நாட்டில் உண்டு. நாய் இழுத்துச் செல்லாமல் உயரத்தில் வைத்த அளவில் அது ஒரு பாதுகாப்பே. ஆயினும், ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு இட்டுப் புதைத்தலே முற்றும் பாதுகாப்பானது. ஏனெனில், கருச்சிதைவு நோய் எனப்படும் புரூசெல்லா நோயின் கிருமிகள் இளங்கொடியிலும் ஈற்று நீரிலும் மிகுந்திருக்கும். அவை மனிதர்க்கும் தொற்றி, விட்டு விட்டு வரும் காய்ச்சலையும் மூட்டு வலியையும் உண்டாக்கும். ஆதலால் கையுறை அணியாமல் அவற்றைத் தொடலாகாது. கையில் புண் உள்ளவர் அப்பணியில் ஈடுபடவே கூடாது. கிடாரிக் கன்றுகளுக்கு நான்கு முதல் எட்டு மாத வயதுக்குள் ஒருமுறை இடப்படும் தடுப்பூசி இந்நோயைத் தடுக்க உதவுகிறது. 2019-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற தேசியத் திட்டம் ஒன்றில் இத்தடுப்பூசியும் இடம்பெற்றுள்ளது.

ஈன்ற முதல் மூன்று நாள்களில் மிகுதியாகப் பால் கறக்கும் பசுக்களுக்குப் பால்சுரம் என்னும் நோய் வருதல் உண்டு. பெயரில் சுரம் இருப்பினும் இந்நோயில் உடல் குளிர்ந்துவிடுகிறது, காதுகள் சில்லிடும். பசு எழ மாட்டாமல், கழுத்தை விலாப்பக்கம் மடித்துப் படுத்துவிடும். குருதியில் உள்ள கால்சியம் பாலுக்குச் சென்று குறைந்துவிடுவதே இதற்குக் காரணம். இக்காரணம் அறியப்படாத காலத்தில் இந்நோயுற்ற பசுக்களிற் பெரும்பாலானவை இறந்தன. 1897-ஆம் ஆண்டில் டென்மார்க்கு நாட்டின் கோல்டிங் நகரைச் சேர்ந்த யூர்கன் சுமித் என்னும் கால்நடை மருத்துவர், மடியில் நச்சு உண்டாகிறது என்று கருதி, மடிக்குள் மருந்து நீரைச் செலுத்திப் பார்த்தார்; பல பசுக்கள் பிழைத்தன. பின்னர், மடிக்குள் வெறுங்காற்றைச் செலுத்தினாலே போதும் என்று பிறர் கண்டனர். அவர் கருதிய காரணம் தவறு. ஆனால் கண்ட பயன் உண்மை. மடியில் அழுத்தம் மிகவே பால் சுரத்தல் நின்று, கால்சியம் குருதியிலேயே தங்கியது. 1920-களில் உண்மைக் காரணம் புலப்பட்டது. இன்று மருத்துவர் கால்சியக் கரைசலை நரம்பின் வழியே மெல்லச் செலுத்த, கிடந்த பசு எழுந்து நிற்கக் காண்கிறோம். விரைந்து செலுத்தினால் இதயம் நின்றுவிடக் கூடுமாதலின் இது மருத்துவர் ஒருவரே செய்யத்தக்க பணி. படுத்துவிட்ட பசுவின் வாயில் கஞ்சியோ மருந்தோ ஊற்றுதல் கூடாது. அது நுரையீரலுக்குள் சென்று உயிரைப் போக்கிவிடும்.

இனி, நம்மைக் காத்துக்கொள்ளும் முறையையும் அறிதல் வேண்டும். அண்மையில் ஈன்ற பசுவைப் பண்டைத் தமிழர் 'புனிற்றா' என்றனர். அகநானூற்றின் 56-ஆம் பாட்டில், தெருவிற் சென்ற பாணன் ஒருவன்மேல் புனிற்றா ஒன்று பாய்கிறது. அவன் கலங்கி, யாழையும் கீழே போட்டுவிட்டுத் தலைவியின் வீட்டினுள் புகுந்துவிடுகிறான். அது நகைக்கத்தக்க காட்சிதான். ஆனால் அதில் அடங்கிய உண்மை நகைத்துத் தள்ளத்தக்கதன்று. நாள்தோறும் நம் கையை நக்கும் சாதுவான பசுவும், ஈன்றபின் கன்றைக் காக்கும் பொருட்டு முட்டவும் உதைக்கவும் முனையும். பசுவுக்கும் கன்றுக்கும் இடையில் நிற்றல் ஒருபோதும் கூடாது. பசு காணும்படி, மெல்லப் பேசிக்கொண்டே பக்கவாட்டில் அணுக வேண்டும். நாயை உடன் அழைத்துச் செல்லலாகாது. சிறுபிள்ளைகளைத் தனியே உள்ளே விடலாகாது. கன்றைத் தூக்க நேரின், பழகிய ஒருவர் பசுவைப் பிடித்துக்கொள்ளல் வேண்டும். வெளியேறும் வழியைப் பார்த்துக்கொண்ட பின்னரே கொட்டிலினுள் நுழைய வேண்டும்.

மாணவர்களே! உங்கள் வீட்டில் பசு இருந்தால் அதன் சினை நாளைக் குறித்து வைக்கும் பொறுப்பை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். வீட்டிலுள்ள பெரியோர்க்கு நெடுநாள் பழக்கத்தால் வந்த அறிவு உண்டு. பசுவின் கண்ணைப் பார்த்தே அதன் நோவை அறிய வல்லவர்கள் அவர்கள். அவ்வறிவோடு நீங்கள் நூல்வழி கற்ற அறிவையும் பணிவுடன் சேர்த்து வழங்குங்கள். காத்திருக்க வேண்டிய நேரத்தில் காத்திருத்தல், அழைக்க வேண்டிய நேரத்தில் தயங்காது மருத்துவரை அழைத்தல் ஆகிய இரண்டுமே வாயில்லா உயிருக்கு நாம் செய்யும் பேருதவிகளாகும். நமக்குப் பால் தந்து காக்கும் ஆவினத்தை அதன் துன்பக் காலத்தில் அறிவோடு காத்தல் நம் கடமையன்றோ!