2-இன் அடுக்குகளும் இராமானுசன் வினாவும்

2-இன் அடுக்கிலிருந்து 7-ஐக் கழித்தால் எஞ்சுவது முழு வர்க்கமாகுமா? 8, 16, 32, 128, 32768 ஆகியவற்றில் ஆகும்; எஞ்சுவன முறையே 1, 3, 5, 11, 181 என்பவற்றின் வர்க்கங்கள். 1913-இல் இந்தியக் கணிதக் கழக இதழில் இவ்வைந்தையும் சுட்டி, வேறும் காண்க என்றார் சீனிவாச இராமானுசன்.

அடுக்குக்குறி இரட்டைப்படையாயின் மாணாக்கரே தீர்த்துவிடலாம். 16, 64, 256 முதலியன தாமே வர்க்கங்கள். 16-க்கு முந்திய வர்க்கம் 9; வேறுபாடு 7. 64-க்கு முந்தியது 49; வேறுபாடு 15. இவ்விடைவெளி மேன்மேலும் பெருகுமேயன்றிக் குறையாது. ஆதலின் 16 ஒன்றே தேறும்.

இடர் ஒற்றைப்படையில்தான். 128-க்குப்பின் 512, 2048, 8192 எல்லாம் ஏமாற்ற, 32768 திடீரெனப் பொருந்துகிறது! அதற்கப்பாலும் ஒன்று ஒளிந்திராது என எங்ஙனம் துணிவது? ஆயிரம் எண்களைச் சோதிப்பது நிறுவலாகாதே. வேறில்லை என 1948-இல் நிறுவியவர் நார்வேயில் பிறந்த நாகெல். −7-இன் வர்க்கமூலம் கலந்த எண்கள் அதற்குத் துணையாயின.