ஏணியற்ற போட்டி: தோட்டப் படிநிலை குறித்து ஒரு விளக்கம்

பணியிடப் போட்டியைப் பற்றி மேலாண்மைத் துறையினர் பெரிதும் எடுத்தாளும் விளக்கங்களுள் ஒன்று, எட்வர்ட் லாசியரும் ஷெர்வின் ரோசனும் 1981இல் வெளியிட்ட கட்டுரையில் உள்ளது. ஊழியரின் உழைப்பை நேரே அளப்பது கடினமாயின், யார் யாரை முந்தினார் என்பதை மட்டும் கண்டு, முந்தியவருக்குப் பதவி உயர்வைப் பரிசாக வைக்கலாம். இரு படிகளுக்கு இடையிலான ஊதிய வேறுபாடே உழைப்பைத் தூண்டும் என்பது அவர்தம் கருத்து. மேற்படி கீழே நிற்பவனுக்கும் எட்டும் என்னும் எடுகோள் இதனுள் பொதிந்துள்ளது. அது பொய்க்கும் இடத்தில் போட்டி என்னவாகும் என்பதை நம் தோட்ட வரலாறு காட்டுகிறது.

பினாங்கு மாநிலத்தில், நிபோங் திபால் வட்டாரத்தில் அமைந்தது பைராம் தோட்டம். பிரிட்டனின் ரம்ஸ்டன் குடும்பத்தாருக்கு யார்க்‌ஷயரில் இருந்த மாளிகைக்கும் பைராம் என்றே பெயர். இவ்வட்டாரத்தின் கரும்பு நிலங்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரப்பருக்கு மாறின. மலாயாத் தோட்டங்கள் பலவற்றுக்கும் பொதுவான படிநிலை துரை, கிராணி, கங்காணி, தொழிலாளி என்பதாகும். துரை ஐரோப்பியர், கிராணிமாருள் ஆங்கிலம் கற்ற யாழ்ப்பாணத் தமிழரும் மலையாளிகளும் மிகுதி.

கங்காணிக்குத் தன் ஆட்களுள் எத்தனை பேர் அன்றாடம் வேலைக்கு இறங்கினர் என்பதைப் பொறுத்துத் தலைக்கு இவ்வளவு எனக் காசு கிடைத்தது. ஆகவே அவனது போட்டி மேற்படிக்கானது அன்று, ஆட்களுக்கானது. ஒரு தோட்டம் செலவிட்டுக் கொணர்ந்த ஆட்களை மற்றொன்று ஆசை காட்டி இழுத்துக்கொள்வதும் இதே போட்டியின் விரிவே. 1907இல் ஏற்பட்ட இந்தியக் குடிநுழைவு நிதி, ஆள் கொணரும் செலவை முதலாளிமார் அனைவர் மீதும் வரியாகச் சுமத்தியது. ஆளை இழுத்தவரும் செலவில் பங்கேற்க வேண்டியதாயிற்று. ஒழுக்க உரையால் ஆகாததை விதிமாற்றம் செய்ய முயன்றது எனலாம். லாசியர் 1989இல் எழுதிய மற்றொரு கட்டுரையும் இங்கு நினைக்கத்தக்கது: போட்டியாளர் ஒருவர் வேலையை ஒருவர் கெடுக்க இயலுமாயின், பரிசின் அளவு கூடுந்தோறும் கெடுக்கும் நாட்டமும் கூடும் என்றார் அவர்.

தொழிலாளியின் நிலை வேறு. விடியலில் பெரட்டுக்கு நின்று, தனக்குரிய நிரையில் மரம் சீவுபவர் எத்துணைத் திறமையாகச் சீவினும் கிராணியாதல் அரிது. கிராணி வேலைக்கு வேண்டியது ஆங்கிலம். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுச் சிறார் பத்துப் பேரேனும் உள்ள தோட்டங்களில் பள்ளி அமைக்கப் பணித்தது. ஆனால் அப்பள்ளிகள் தொடக்கக் கல்வியோடு நின்றன. தமிழ்ப்பள்ளியைக் குறை கூறுவதற்காக இதனைச் சொல்லவில்லை. மேற்கொண்டு செல்ல வழி வைக்காதவர் நிருவாகத்தினரே. தோட்டத்து மக்கள் 'முன்னேற்ற நாட்டமற்றவர்' எனப் பழைய அறிக்கைகளின் தொனியில் இன்றும் எழுதுவோர், இல்லாத பரிசுக்காக எவர் ஓடுவார் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

ஓடாதவர்கள் ஒன்றுகூடினர். 1941இல் ஆர்.எச். நாதன் முதலியோர் முன்னின்ற கிள்ளான் வட்டார வேலைநிறுத்தத்தில், கூலி உயர்வோடு, ஐரோப்பியரையும் ஆசிய ஊழியரையும் எதிர்ப்படும்போது தொழிலாளி மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டும் என்னும் வழக்கத்தை ஒழிக்கும் கோரிக்கையும் இடம்பெற்றிருந்தது.