யாழ் நகரின் தலைக்கணக்கு

யாழ்ப்பாண மாநகரின் மக்கள்தொகை 1981 குடிசன மதிப்பீட்டின்படி ஏறத்தாழ 1,18,000. போரினால் அடுத்த முழுமையான கணக்கெடுப்பு 2012-இல்தான் நடந்தது. அப்போது ஏறத்தாழ 88,000. இடையில் 31 ஆண்டுகள் வெற்றிடம். தரவுத்தளங்களோடு அன்றாடம் மல்லுக்கட்டும் எனக்கு வெற்றிடம் வேறு, சுழியம் வேறு. 1990-இல் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களும், 1995-இல் மூட்டை முடிச்சுகளோடு தென்மராட்சிக்கு நடந்தவர்களும், கடல் கடந்த நம்மவர்களும் அந்த வெற்றிடத்துக்குள்தான் இருக்கிறார்கள்.

இது வெறும் புள்ளிவிவரமல்ல. இலங்கையில் ஒரு தேர்தல் மாவட்டத்தின் நாடாளுமன்ற இடங்கள் பதிவான வாக்காளர் எண்ணிக்கையைப் பொறுத்தவை. கிளிநொச்சியையும் உள்ளடக்கிய யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 2010-இல் 9 இடங்கள், 2015-இல் 7, 2024-இல் 6. இங்கே நாம் பெருகியிருக்கிறோம். அங்கே நாற்காலிகள் குறைந்திருக்கின்றன.