அப்பாயியின் பால் கணக்கு

துறையூர்ல எங்க அப்பாயி பால் கணக்கை மனசுலயே வெச்சிருக்கிற ஆளு. இப்பல்லாம் காலண்டர்ல கோடு போட்டு, ரெண்டு தடவை கூட்டிப் பார்க்கிறாங்க. தொகை சரியாத்தான் வருது. நேரம்தான் மூணு மடங்கு.

லேசான அறிவாற்றல் குறைபாடு பல வீடுகள்ல இப்படித்தான் தலைகாட்டும். எங்க பாஷையில, சர்வர் டவுன் ஆகல. ரெஸ்பான்ஸ் டைம் கூடியிருக்கு. குளிக்கிறது, சாப்பிடறதுல பிரச்சினை இருக்காது. பணம், மாத்திரை, சத்திரத்துல இறங்கி பஸ் மாறுறது மாதிரி பல படி உள்ள வேலைகள்லதான் தடுமாற்றம். அன்றாட வாழ்க்கையைத் தானா நடத்த முடியாமப் போனாத்தான் அது டிமென்ஷியா.

அந்தக் கோட்டை நம்ம வீடுகள்ல போடறது கஷ்டம். மருமக சமைக்கிறாங்க, பேரன் ஜிபே பண்றான். பாட்டிக்கு முடியலையா, இல்ல நாமதான் விடலையா? 1990களில் ஹரியானாவின் பல்லப்கரில் ஆய்வு செஞ்சவங்க இதுக்காகவே கிராமத்துக்கு ஏத்த கேள்விகளைத் தயாரிச்சாங்க. சொல்லி அனுப்பின சேதியை மறக்காமச் சொல்றாங்களா, ஊருக்குள்ள வழி தவறுறாங்களா, இந்த மாதிரி.

இது எல்லாருக்கும் டிமென்ஷியாவா மாறாது. சிலர் பழையபடி ஆயிடுவாங்க. பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, காது மந்தம் இதெல்லாமும் மறதியாத் தெரியும். அதனால முதல்ல டாக்டர்.

நான் செஞ்ச தப்பு, கணக்கை என் போனுக்கு மாத்தினது. ரெண்டு வாரம் அப்பாயி பால்காரரைப் பார்க்கவே வெளிய வரல. இப்ப காலண்டர் திரும்ப அவங்க கையில. அவங்க தூங்கினப்புறம் நான் ஒரு தடவை கூட்டிப் பார்த்துக்கிறேன்.